வேரூன்றலும் வதிவுரிமையும்: ஸ்பானியச் சட்டக் கோட்பாடொன்றும் இலங்கை அனுபவமும்

ஒருவர் ஒரு நாட்டின் எல்லைக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்பதும், வந்து சேர்ந்தபின் அங்கு எவ்வாறு வாழ்ந்தார் என்பதும் இருவேறு வினாக்களாகும். குடிவரவுச் சட்டங்கள் பெரும்பாலும் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றன. உரிய அனுமதியோடு வந்தவர் சட்டபூர்வமானவர். அனுமதியின்றி வந்தவரும், அனுமதிக் காலம் முடிந்தபின் தங்கியவரும் சட்டவிரோதமானவர். வந்த நாளில் நேர்ந்த இக்குறை எத்தனை ஆண்டு கழியினும் நீங்காது என்பதே இச்சட்டங்களின் எடுகோள். ஆனால் மனித வாழ்க்கை வந்த நாளிலேயே உறைந்து நின்றுவிடுவதில்லை. வந்தவர் தொழில் தேடுகின்றார். வீடொன்றை வாடகைக்கு எடுக்கின்றார். அயலவரின் மொழியைக் கற்கின்றார். அவருடைய பிள்ளைகள் அவ்வூர்ப் பாடசாலைக்குச் செல்கின்றனர். அவரைச் சார்ந்தோர் இறப்பின் அவ்வூர் மண்ணிலேயே அடக்கம் செய்யப்படுகின்றனர். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் வளரும் பிணைப்புகள் தம்மளவில் ஓர் உரிமையைத் தோற்றுவிக்க வல்லனவா?

இவ்வினாவுக்கு 'ஆம்' என விடையளிக்கும் சட்டங்கள் மிகச் சிலவே. அவற்றுள் விரிவாக வளர்ச்சியுற்றது ஸ்பெயின் நாட்டுச் சட்டம். அதன் இயங்குமுறையை விளக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். ஆயினும், நமது நாட்டிலேயே 1949 ஆம் ஆண்டில், பிணைப்பு என்னும் இதே அளவுகோல் பல இலட்சம் மக்கள்மீது பிரயோகிக்கப்பட்டது என்பதை இலங்கை வாசகர் மறந்திருக்க இயலாது. அங்கு மக்களை உள்ளே எடுத்துக்கொள்வதற்குப் பயன்பட்ட அளவுகோல் இங்கு அவர்களை வெளியே நிறுத்துவதற்கு எவ்வாறு பயன்பட்டது என்பதும் ஆராயப்படவேண்டியதாகும்.

வேர் என்னும் சொல்

ஸ்பானியச் சட்டமொழியில் இக்கோட்பாடு 'அராய்கோ' எனப்படும். அம்மொழியில் வேரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த சொல் இது. தமிழில் 'வேரூன்றல்' எனப் பெயர்த்துக்கொள்வதில் இடர்ப்பாடு எதுவுமில்லை. ஓரூரில் நிலைகொண்டுவிட்டவரை வேரோடிப்போனவர் என்று நாமும் சொல்வதுண்டு. சட்டநோக்கில் இச்சொல்லின் சிறப்பு யாதெனின், அது ஒரு செயலையன்றி ஒரு காலப்போக்கைக் குறிப்பதாகும். விசா ஒரு நாளிற் கொடுக்கப்படுவது. வேர் ஒரு நாளில் ஊன்றப்படுவதன்று.

ஸ்பெயின் நெடுங்காலம் தன் மக்களை வெளியே அனுப்பிய நாடு. 1960 களில் இலட்சக்கணக்கான ஸ்பானியத் தொழிலாளர் பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்றனர். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைவதற்கு முந்திய ஆண்டான 1985 இலேயே அந்நாடு தனது முதலாவது அந்நியர் சட்டத்தை இயற்றியது. அதன்பின் நிலைமை விரைந்து தலைகீழாயிற்று. அல்மேரியாப் பகுதியின் பிளாஸ்ரிக் கூரைப் பண்ணைகள், நகரங்களின் கட்டடத் தொழில், நடுத்தர வர்க்க வீடுகளின் பணிகள் என்பன மலிவான உழைப்பை வேண்டிநின்றன. மொரோக்கோ, எக்குவடோர், கொலம்பியா, ருமேனியா முதலிய நாடுகளிலிருந்து மக்கள் வந்தனர். உழைப்பை வேண்டிய பொருளாதாரம் ஒருபுறம், உழைப்பாளியை ஏற்காத சட்டம் மறுபுறம் என்னும் முரண்பாடு முற்றியபோதெல்லாம் அரசு பொதுமன்னிப்புப் போன்றதோர் ஒழுங்குபடுத்தலை அறிவித்தது. 1986, 1991, 1996, 2000, 2001, 2005 எனப் பன்முறை இது நிகழ்ந்தது. 2005 இல் மூன்று மாத காலத்துள் ஏறத்தாழ 690,000 விண்ணப்பங்கள் கிடைத்தன. அவற்றுள் 570,000 க்கும் அதிகமானவை ஏற்கப்பட்டன.

இத்தகைய ஒழுங்குபடுத்தல்கள் அரசின் தயவில் தங்கியவை. வாயில் சில மாதம் திறந்திருக்கும், பின் மூடப்படும். வேரூன்றல் கோட்பாடோ ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு சிறு வாயில். 2000 ஆம் ஆண்டின் அந்நியர் பற்றிய அடிப்படைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இதற்கு இடமளித்தன. 2004 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி அதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தது. அவ்வடிவம் வருமாறு. நாட்டில் அனுமதியின்றி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த ஒருவர், குற்றப்பதிவு எதுவுமற்றவராயின், ஓராண்டுக்குக் குறையாத தொழில் ஒப்பந்தமொன்றைக் காட்டுவாராயின், சட்டபூர்வமாக வதியும் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை ஆகியோருள் ஒருவரோடு தமக்குள்ள உறவையோ, அஃதில்லாதவிடத்து உள்ளூராட்சி நிறுவனம் வழங்கும் சமூக இணைவு அறிக்கையையோ முன்வைப்பாராயின், அவருக்கு ஓராண்டுத் தற்காலிக வதிவுரிமை வழங்கப்படலாம். இதுவே சமூக வேரூன்றல். அவ்வோராண்டின்பின் சாதாரணத் தொழில் வதிவுரிமைக்கு மாறிக்கொள்ளலாம்.

இதனோடு தொழில்வழி வேரூன்றல், குடும்பவழி வேரூன்றல் என வேறு வகைகளும் வகுக்கப்பட்டன. ஸ்பானியப் பிரசையான சிறுபிள்ளையின் தாய் அல்லது தந்தை குடும்பவழி உரிமை பெறக்கூடியதாயிருந்தது. 2022 இல் தொழிற்பயிற்சிவழி வேரூன்றல் சேர்க்கப்பட்டது. 2024 நவம்பரில் வெளியிடப்பட்டு 2025 மே 20 இல் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குவிதி, வதிய வேண்டிய காலத்தைப் பொதுவாக மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைத்தது. வதிவுரிமையைப் பெற்றுப் பின் இழந்தவர்களுக்கென 'இரண்டாவது வாய்ப்பு' என்னும் வகையையும் அது உண்டாக்கியது.

தொழில்வழி வேரூன்றலின் வரலாறு தனித்துக் கவனிக்கத்தக்கது. சட்டவிரோதமாக வேலைசெய்தவர், தாம் வேலைசெய்ததை நிறுவினால் உரிமை பெறலாம் என்பது விதியாக இருந்தது. ஆனால் நிறுவுவதற்கு ஒழுங்குவிதி ஏற்ற சான்றுகள் இரண்டே: நீதிமன்றத் தீர்ப்பு அல்லது தொழிற் பரிசோதனைத் திணைக்களத்தின் முடிவு. அதாவது, தொழிலாளி தன் முதலாளிமீது முறைப்பாடு செய்து வெல்லவேண்டும். தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒருவரைத் தான் முந்திக் காட்டிக்கொடுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? 2021 மார்ச்சில் ஸ்பானிய உயர்நீதிமன்றம் இக்கட்டுப்பாடு சட்டத்தின் கருத்தன்று என்றும், சட்டம் ஏற்கும் எவ்வகைச் சான்றினாலும் தொழிலுறவை நிறுவலாம் என்றும் தீர்ப்பளித்தது. உரிமையின் உள்ளடக்கம் ஓர் எழுத்தும் மாறவில்லை. சான்றின் வகை மாறியது. அதனால் உரிமை பெறக்கூடியோரின் தொகையும் மாறியது.

பதிவேடு

வேரூன்றல் கோட்பாட்டின் உயிர்நாடி வதிவுச் சட்டத்திலன்றி வேறொரு சட்டத்தில் உள்ளது என்பதே எனது கருத்து. ஸ்பெயினின் ஒவ்வொரு நகரசபையும் 'பத்ரோன்' எனப்படும் குடியிருப்பாளர் பதிவேடொன்றைப் பேணுகின்றது. 1985 ஆம் ஆண்டின் உள்ளூராட்சி அடிப்படைச் சட்டம் இதற்கு ஆதாரம். ஊரில் வழமையாக வசிக்கும் எவரும் இதிற் பதிந்துகொள்ளவேண்டும். பதிபவர் ஸ்பானியரா அந்நியரா, அந்நியராயின் வதிவுரிமை உள்ளவரா இல்லாதவரா என்பது நகரசபைக்கு உரிய விடயமன்று. அவர் இங்கு வசிக்கின்றாரா என்பதொன்றே அதற்கு உரியது. நகரசபையின் வருமானமும் சேவைகளும் குடியிருப்பாளர் தொகையைச் சார்ந்திருப்பதால், இருக்கின்றவர்களை எண்ணுவதில் அதற்கும் நலன் உண்டு.

இதன் விளைவு வியப்பானது. ஒரே அரசின் ஒரு கை ஒருவரைச் சட்டவிரோதமானவர் என்கின்றது. மற்றொரு கை அவருடைய பெயர், முகவரி, வந்து பதிந்த திகதி ஆகியவற்றை எழுதி முத்திரையிட்டுக் கொடுக்கின்றது. உரிய காலம் கழிந்தபின் அம்முத்திரைக் கடதாசியே அவருடைய வதிவுரிமைக்கு முதற் சான்றாகின்றது. கடவுச்சீட்டும் வாடகை ஒப்பந்தமும் தவிர வேறெதையும் காட்ட இயலாத வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் இச்சான்று கிட்டும். மருத்துவ வசதியும் பிள்ளைகளின் கல்வியும் இப்பதிவோடு பிணைக்கப்பட்டிருந்தமை பதியாதிருப்போரையும் பதியத் தூண்டியது. (பதிவுற்றோருக்கான மருத்துவ உரிமை 2012 இல் மட்டுப்படுத்தப்பட்டு 2018 இல் மீளளிக்கப்பட்டது.)

இதனைக் குறைபாடற்ற ஏற்பாடாகக் கருதிவிடலாகாது. 2003 ஆம் ஆண்டுத் திருத்தமொன்று இப்பதிவேட்டைப் பொலிசார் பார்வையிட வழிசெய்தது; நிரந்தர வதிவுரிமையற்ற வெளிநாட்டவர் ஈராண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்காவிடின் பெயர் நீக்கப்படும் என்றும் விதித்தது. புதுப்பிக்கத் தவறியவரின் தொடர்ச்சி முறிந்துவிடும் அபாயம் உண்டு. 2010 ஜனவரியில் கற்றலோனியாவின் விக் என்னும் நகரின் சபை, வதிவுரிமையற்றோரைப் பதிவதில்லை எனத் தீர்மானிக்க முற்பட்டது. அரசின் சட்ட ஆலோசகர்கள் அவ்வாறு மறுக்க நகரசபைக்கு அதிகாரமில்லை எனக் கருத்துரைத்தபின் அத்தீர்மானம் கைவிடப்பட்டது. வேரறுக்க விரும்புவோர் குடிவரவுச் சட்டத்தை விடுத்து நகரசபைப் பதிவேட்டின்மீது கைவைக்க முனைந்தமை, அப்பதிவேட்டின் முக்கியத்துவத்தை அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டுகின்றது.

2005 ஆம் ஆண்டு ஒழுங்குபடுத்தலின்போது நிகழ்ந்த ஒன்றையும் இங்குக் குறிப்பிடலாம். முதலில் பதிவேட்டுச் சான்று மட்டுமே ஏற்கப்பட்டது. அச்சத்தினாற் பதியாதிருந்தோர் பலர் விடுபடுவர் என்பது தெளிவானதும், ஏப்பிரல் மாதத்தில் வேறு பொது ஆவணங்களும் ஏற்கப்பட்டன. மருத்துவ அட்டை, பிள்ளையின் பாடசாலை விண்ணப்பம், சமூகசேவை அறிக்கை ஆகியவற்றோடு, அந்நியர் சட்டத்தின் கீழ் உள்நாட்டு அமைச்சு ஒருவருக்கு அனுப்பிய அறிவித்தலும் அப்பட்டியலில் இடம்பெற்றது. நாட்டைவிட்டு வெளியேறுமாறு கட்டளையிட்ட கடிதமே, பெற்றவர் அன்று அந்நாட்டில் இருந்தார் என்பதற்குச் சான்றாயிற்று!

கோட்பாட்டின் பலவீனம் வேறிடத்தில் உள்ளது. தொழில் ஒப்பந்தம் இன்றிச் சமூக வேரூன்றல் பெரும்பாலும் கைகூடாது. ஆகவே திறவுகோல் முதலாளியின் கையில் இருக்கின்றது. ஒப்பந்தம் தருவதாகச் சொல்லிக் குறைந்த கூலிக்கு வேலைவாங்குவதும், ஒப்பந்தத்தை விலைக்கு விற்பதும் இதன் இயல்பான விளைவுகள். முதியோரும் நோயாளரும் எத்துணை ஆழமாக வேரூன்றியிருப்பினும் உழைப்புச் சந்தை அவர்களை வேண்டாதவிடத்து அவர்களின் வேர் எளிதிற் கணக்கில் வருவதில்லை. மேலும், புகலிடக் கோரிக்கையாளராகச் சட்டத்துக்கு உட்பட்டுக் காத்திருந்த காலத்தை இரண்டாண்டுக் கணக்கிற் சேர்ப்பதில்லை என 2024 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி வகுத்தது. ஒளிந்து வாழ்ந்த காலம் எண்ணப்படும். அரசின் வாயிலில் நின்ற காலம் எண்ணப்படாது என்பதே இதன் பொருள்.

ஐரோப்பாவின் பிற இடங்களில்

ஸ்பெயினுக்கு வெளியே இக்கோட்பாடு இத்துணை ஒழுங்கான வடிவம் பெறவில்லை. 1950 ஆம் ஆண்டின் ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் 8 ஆம் உறுப்புரை தனிவாழ்வுக்கும் குடும்ப வாழ்வுக்கும் மதிப்பளிக்குமாறு கூறுகின்றது. நாடு கடத்தல் இவ்வாழ்வைக் குலைக்குமாயின் அது உறுப்புரையை மீறலாம் என ஸ்ற்ராஸ்பேர்க் நீதிமன்றம் படிப்படியாக ஏற்றது. இரண்டு வயது நிரம்புமுன் பெல்ஜியத்துக்கு வந்து அங்கேயே வளர்ந்த மொரோக்கோ இளைஞரொருவரை வெளியேற்றியது தவறென 1991 இற் கூறியது. எனினும் வதிவுரிமை நிச்சயமற்றிருந்த காலத்தில் உருவான உறவுகளை அது ஐயத்தோடே நோக்கியது. மிக விதிவிலக்கான சூழ்நிலையிலேயே அவை உரிமை தரும் என்றது. 2014 இல் சூரினாமிற் பிறந்த பெண்ணொருவர் நெதர்லாந்தில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அனுமதியின்றி வாழ்ந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தமை அத்தகைய விதிவிலக்காகக் கொள்ளப்பட்டது. அவர் பிறந்தபோது ஒல்லாந்தப் பிரசை. சூரினாம் சுதந்திரமடைந்தபோது அதனை இழந்தவர் என்பது குடியேற்றவாத வரலாற்றின் ஒரு துணுக்கு.

சுவிற்சர்லாந்தில் நம்மவருக்கு நேரடித் தொடர்புள்ள நிகழ்வொன்று உண்டு. 1992 இறுதிக்கு முன் வந்து, புகலிடக் கோரிக்கை தீராமலோ நிராகரிக்கப்பட்டோ இருந்தவர்களை 2000 ஆம் ஆண்டின் மனிதாபிமான நடவடிக்கை மூலம் கூட்டாட்சி அரசு தங்க அனுமதித்தது. அவ்வாறு பயனுற்றோருட் கணிசமானோர் இலங்கைத் தமிழர். அவர்களை அகதிகளென ஏற்காத அரசு, அவர்கள் அங்கு வேலைசெய்து ஊன்றிவிட்டனர் என்பதை ஏற்றது. 2017, 2018 ஆம் ஆண்டுகளில் ஜெனீவா மாநிலம் மேற்கொண்ட நடவடிக்கையொன்று, பாடசாலைப் பிள்ளைகளையுடைய குடும்பத்தினர்க்கு ஐந்தாண்டு, ஏனையோர்க்குப் பத்தாண்டு என வரையறுத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வதிவுரிமை அளித்தது.

இலங்கை: அதே அளவுகோல், மாறான விளைவு

இனி நமது நாட்டுக்கு வருவோம். தோட்டத் தொழிலாளர் சட்டவிரோதமாக வந்தவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்குமாக, ஒரே பேரரசின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குத் துரைமாரின் தேவைக்காகக் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். ஸ்பெயினில் விளங்கும் 'வந்த முறையிற் குறை' என்னும் தடை இவர்களுக்கு இருக்கவேயில்லை. எனவே வேரூன்றல் அளவுகோல் இவர்களுக்கு மிக எளிதாகப் பொருந்தியிருக்கவேண்டும்.

அளவுகோலின் தொடக்கம் டொனமூர் ஆணைக்குழுவின் 1928 ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ளது. நாட்டில் நிலையான ஈடுபாடு உள்ளோருக்கே வாக்குரிமை என்னும் கருத்து அங்கு எழுந்தது. அதனையொட்டி 1931 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடுகளில், நிரந்தரக் குடியமர்வுச் சான்றிதழ் பெறுவது தோட்டத் தொழிலாளர் வாக்காளராவதற்குரிய வழிகளுள் ஒன்றாயிற்று. சுதந்திரத்தின்பின் இயற்றப்பட்ட 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவளியை அடிப்படையாக்கியது. இந்நாட்டிற் பிறந்திருப்பது போதாது. தந்தையும் இங்கே பிறந்தவரென, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களென நிறுவவேண்டும். நிறுவ இயலாதோருக்கெனவே 1949 ஆம் ஆண்டு 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1 இற்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வதிந்திருத்தல், அதன்பின்னும் விண்ணப்பிக்கும் நாள்வரை தொடர்ந்து வதிதல், போதிய வருமானம், மனைவியும் சார்ந்து வாழும் பிள்ளைகளும் இங்கே வதிந்திருத்தல் என்பன முக்கிய நிபந்தனைகள்.

எழுத்தளவில் நோக்கின் இது ஸ்பானிய ஒழுங்குவிதியினும் கடுமையானதெனக் கூறிவிட முடியாது. ஸ்பெயினின் சமூக வேரூன்றலில் மூன்றாண்டுக் காலத்துள் 120 நாளுக்கு மேற்படாத வெளிச்செல்கையே பொறுக்கப்பட்டது. இலங்கைச் சட்டமோ பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத தற்காலிக வெளிச்செல்கையைத் தொடர்ச்சிக்கு முறிவாகக் கொள்ளவில்லை. ஸ்பெயின் ஓராண்டு வதிவுரிமையையே தந்தது. இலங்கைச் சட்டம் தருவதாகச் சொன்னது பிரசாவுரிமையை. இருந்தும் ஏறத்தாழ 824,000 பேருக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பங்களிலிருந்து, பத்தாண்டுக்கு மேல் நீடித்த விசாரணைகளின்பின், பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே. ஸ்பெயினில் 2005 இல் விண்ணப்பித்தோருட் பத்தில் எட்டுப் பங்கினர் ஏற்கப்பட்டனர். இங்கு ஆறில் ஒரு பங்கினர்.

வேறுபாடு எங்கே? கடதாசி யாருடைய கையில் இருந்தது என்பதிலேயே பெரும்பகுதி விடை உள்ளது. லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கு முகவரி என்பது தோட்டத்தின் பெயர். அவர் எந்த நாளில் வேலைசெய்தார் என்பது செக்ரோலில் எழுதப்பட்டது. செக்ரோல் துரையின் அலுவலகத்தில் இருந்தது. தோட்டம் கைமாறும்போது பழைய பதிவேடுகள் தொலைந்தன, அழிந்தன. தோட்டத்துக்குத் தோட்டம் மாறிய குடும்பம் பல அலுவலகங்களிற் சான்று தேடவேண்டியிருந்தது. பிறப்புப் பதிவும் திருமணப் பதிவும் பலருக்கு இருக்கவில்லை. இருந்தவற்றிற் பெயர்கள் ஒவ்வொரு தாளில் ஒவ்வொருவிதமாக எழுதப்பட்டிருந்தன. ஒருவர் பத்தாண்டு வாழ்ந்ததை அயலவர் அனைவரும் அறிவர். ஆனால் அயலவரும் அதே நிலையில் உள்ள தொழிலாளர். 1921 இல் ஒழிக்கப்பட்ட 'துண்டு' முறையின் கீழ், தொழிலாளியின் கடனைக் குறித்த சிறு தாள் அவரோடு தோட்டந்தோட்டமாகப் பயணஞ்செய்தது என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். கடனை நிறுவுவதற்குக் கடதாசி தவறாமற் கிடைத்தது. வாழ்க்கையை நிறுவுவதற்கு அத்தகைய கடதாசி எதனையும் எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது காரணம் சான்றுக்குக் கொடுக்கப்பட்ட பொருள். ஊரிலுள்ள முதிய தாய்க்குப் பணம் அனுப்பியமை, கோயில் திருவிழாவுக்கோ சாவீட்டுக்கோ இந்தியா சென்றுவந்தமை என்பன இந்நாட்டில் ஈடுபாடின்மையின் அடையாளங்களாக வாசிக்கப்பட்டன. ஒருவருக்கு ஓரிடத்திலேயே வேர் இருக்கமுடியும் என்னும் கருத்து இதன் அடியில் உள்ளது. ஸ்பெயினில் எக்குவடோர் தாயொருவர் மாதந்தோறும் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புவது அவருடைய விண்ணப்பத்துக்கு எதிரான சான்றாகாது. தொழிலாளி ஊருக்குப் பணம் அனுப்புவது அவர் இங்கு உழைக்கின்றார் என்பதற்கே சான்று என்று ஏன் வாசிக்கப்படவில்லை?

மூன்றாவது காரணம் காலக்கெடு. விண்ணப்பிக்கத் தரப்பட்ட ஈராண்டு 1951 ஆகஸ்ட் 5 இல் முடிவுற்றது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலிற் சட்டத்தைப் புறக்கணித்ததும், பின்னர் நிலைப்பாட்டை மாற்றியதும், இறுதி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்ததும் வரலாறு. புறக்கணிப்பு ஒரு பிழையா, அல்லது அச்சட்டத்தின் நோக்கத்தைச் சரியாகக் கணித்த செயலா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கெடுவுக்குட்பட்ட வாயில் இத்தகைய தடுமாற்றங்களைப் பொறுப்பதில்லை என்பது மட்டும் தெளிவு.

இச்சட்டம் நிறைவேற்றிய வேறொரு பணியும் உண்டு. வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட கோடாக்கன்பிள்ளையின் வழக்கு 1953 இற் கோமறைக் கழகத்துக்குச் சென்றது. 1948 ஆம் ஆண்டுச் சட்டமும் அதையொட்டிய தேர்தற் சட்டத் திருத்தமும் ஒரு சமூகத்துக்கு எதிராகப் பாரபட்சங்காட்டுவன, ஆகவே சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவை மீறுவன என்பது வாதம். கழகம் அதனை ஏற்கவில்லை. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கத்தைப் பாராளுமன்றம் கருத்திற் கொள்ளலாம் என்றது. அவர்கள் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற 1949 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது என்பதையும் அரசுக்குச் சார்பாகச் சுட்டியது. வேரூன்றியோருக்கான வாயில் ஒன்று இருக்கின்றது என்பதே சுவரை நியாயப்படுத்தும் சான்றாயிற்று. அவ்வாயிலால் எத்தனை பேர் நுழைய முடிந்தது என்பது பின்னரே தெரியவந்தது.

அதன்பின் வந்தவை ஒப்பந்தங்கள். 1964 அக்டோபர் 30 இல் 975,000 பேர் இரு அரசுகளால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் 1974 இற் சரிபாதியாக. எவர் எங்கு வேரூன்றியவர் என்னும் வினா இக்கணக்கில் இடம்பெறவேயில்லை. 1986, 1988 ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் பலருக்குப் பிரசாவுரிமை வழங்க முற்பட்டன. இறுதியில் 2003 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினரும் இங்கு வதியும் அவர்தம் சந்ததியினரும் இலங்கைப் பிரசைகளாவர் எனப் பொதுவாகப் பிரகடனஞ் செய்தது. அவ்வாண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையாளர் அலுவலகத்தின் துணையோடு நடந்த இயக்கத்தில், பத்து நாள்களுள் 190,000 க்கும் மேற்பட்டோர் பிரசாவுரிமைப் பத்திரங்களைப் பெற்றனர். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பத்தாண்டுக்கு மேல் விசாரித்துக் கொடுக்கப்பட்டவர்களின் தொகையிலும் இது அதிகம். மக்கள் அதே மக்கள். அவர்தம் வாழ்வும் அதே வாழ்வு. ஐம்பதாண்டு முன்னர் ஒவ்வொருவரும் தனித்தனியே நிறுவவேண்டியிருந்ததை இப்போது சட்டமே மெய்யெனக் கொண்டது.

பாக்குநீரிணைக்கு அப்பால்

இம்மக்களுள் ஒரு பகுதியினர் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனைப் பெற இங்கு இருக்கவில்லை. இனக்கலவரங்களுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வடக்குக்கும், அங்கிருந்து 1983 இன்பின் கடல் கடந்து தமிழகத்துக்கும் சென்று முகாம்களில் வாழ்வோர் அவர்கள். 2021 இல் தமிழக முகாம்களில் இருந்த இலங்கைத் தமிழர் 58,000 க்கும் மேற்பட்டோர். அவர்களுட் பலர் மலையக வம்சாவளியினர். ஸ்பெயினின் அளவுகோலை இங்குப் பொருத்திப் பார்த்தாற் சான்றுக்குப் பஞ்சமில்லை. முகாமின் கணக்கெடுப்புப் பதிவு, அரசு வழங்கிய அடையாள அட்டை, உதவித்தொகைப் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ் என நாற்பதாண்டு வாழ்வும் அரசின் தாள்களிலேயே எழுதப்பட்டுள்ளது. தோட்டத்தில் இவர்களின் பாட்டனாருக்குக் கிடைக்காத கடதாசி முகாமில் இவர்களுக்குக் கட்டுக்கட்டாகக் கிடைத்தது.

ஆனால் இங்குக் காலம் எண்ணப்படுவதில்லை. இந்தியப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 2003 ஆம் ஆண்டுத் திருத்தம், உரிய ஆவணமின்றி வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என வரையறுத்துப் பதிவுவழியும் வதிவுவழியும் பிரசாவுரிமை பெறுவதினின்று விலக்கியது. வந்த நாளின் குறை முப்பது, நாற்பது ஆண்டு வாழ்வையும் சுழியமாக்கிவிடுகின்றது. திருச்சிராப்பள்ளி கொட்டப்பட்டு முகாமிலும் மண்டபம் முகாமிலும் வாழ்ந்த 65 பேர் இதனை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினர். தமது முன்னோர் இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் என்பது அவர்களின் முறையீடு. 2019 ஜூன் மாதத்தில் நீதிபதி ஜீ. ஆர். சுவாமிநாதன் அவர்களின் விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் மத்திய அரசுக்கு அனுப்பவேண்டும் என்றும், மத்திய அரசு பதினாறு வாரத்துள் அவற்றின்மீது முடிவெடுக்கவேண்டும் என்றும் ஆணையிட்டார்.